நத்தைக்குள் புழு இருந்தால் சதுப்பு கெட்டுவிட்டதா?

கேள்வி இதுதான்: கழிமுகச் சேற்றில் பொறுக்கிய நத்தைகளை உடைத்துப் பார்த்தால் நிறைய நத்தைகளுக்குள் புழு நெளிகிறது. இடம் மாசுபட்டதால்தான் இப்படியா? சதுப்பைச் சீரமைத்தால் தொற்று குறையுமா? கூடவே இன்னொன்று: அந்தச் சேற்றில் காலை வைக்கிறவர்களுக்கு இதனால் ஏதாவது வருமா?

முதல் இரண்டுக்கும் சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலும் நேர்மாறு. நல்ல நிலையில் இருக்கும் சதுப்பில்தான் நத்தைகளுக்குப் புழு அதிகம். கெட்டுப்போன சதுப்பில் நத்தை சுத்தமாக இருக்கும். சீரமைத்தால் தொற்று கூடும். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட வேண்டாம். விதிவிலக்குகளில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்தப் புழு யார் என்று பார்த்துவிடலாம். டிரெமடோடு என்னும் தட்டைப்புழு வகை. இதற்கு ஒரு வீடு போதாது, பெரும்பாலும் மூன்று வேண்டும். கலிஃபோர்னியாவின் உவர்ச் சதுப்புகளில் வாழும் கொம்பு நத்தையை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் இந்த விஷயத்துக்காக மிக அதிகம் உடைக்கப்பட்ட நத்தைகளில் அதுவும் ஒன்று. திருகிய கூர்ங்கூம்பு மாதிரி ஓடு, விரல் நுனி நீளம், ஓதம் வடிந்த சேற்றில் ஆயிரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனுள் வளரும் புழு இனங்கள் இருபதுக்குப் பக்கம். அவற்றில் ஒன்று யூஹாப்ளோர்கிஸ் கலிஃபோர்னியென்சிஸ். முழு வளர்ச்சியடைந்த புழு பறவையின் குடலில் வாழ்கிறது. முட்டை எச்சத்தோடு சேற்றில் விழுகிறது. சேற்றை மேய்கிற நத்தை அதை விழுங்குகிறது. நத்தைக்குள் புழு தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகி, நத்தையின் இனப்பெருக்க உறுப்பு இருந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து செர்க்கேரியா என்னும் வால் முளைத்த நுண்ணிய குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வெளியேறி, கில்லி மீனின் உடலில் புகுந்து, மூளையின் மேல் கூடு கட்டி உட்கார்ந்துவிடுகின்றன. பறவை மீனைத் தின்றால் வட்டம் முடிந்தது.

பறவை எப்படித் தின்கிறது என்பதும் தற்செயல் இல்லை. கெவின் லாஃபர்ட்டியும் கிமோ மாரிஸும் 1996இல் வெளியிட்ட சோதனையில், புழு ஏறிய மீன்கள் மேற்பரப்புக்கு வந்து புரள்வது, துள்ளுவது, வெள்ளி வயிற்றைப் பளிச்சென்று காட்டுவது எனக் கண்ணில் படும் சேட்டைகளை மற்ற மீன்களைவிட நான்கு மடங்கு செய்தன. பறவைகளிடம் அவை சிக்கியது 10 முதல் 30 மடங்கு அதிகம். நாரை தன் திறமையால் மீன் பிடிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது இந்தச் சங்கிலியைப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு நத்தைக்குள் இந்தப் புழு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அந்த இடத்துக்குப் பறவை வந்திருக்கிறது. வெறுமனே பறந்து போகவில்லை, நின்று எச்சமிட்டிருக்கிறது. அந்தப் பறவை வேறெங்கோ, அல்லது இங்கேயே, புழு ஏறிய மீனைத் தின்றிருக்கிறது. அந்த மீன் இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர், இரை, ஒதுங்க இடம் எல்லாம் இருந்திருக்க வேண்டும். வேறு இனப் புழுக்கள் மீனுக்குப் பதில் நண்டையோ சிப்பியையோ இன்னொரு நத்தையையோ இரண்டாவது வீடாகப் பயன்படுத்துகின்றன. ஆக, பத்து வகைப் புழு கிடைத்தால் பத்து வெவ்வேறு உணவுத் தொடர்கள் அந்த இடத்தோடு அறுபடாமல் இணைந்திருக்கின்றன என்று படிக்கலாம். எச்சம் என்ற சொல்லுக்குத் தமிழில் மிச்சம் என்றும் பொருள், பறவை இட்டது என்றும் பொருள். நத்தைக்குள் இருப்பது இரண்டு அர்த்தத்திலும் எச்சம்.

இதை வெறும் ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்த இடம் கார்ப்பின்டீரியா. கலிஃபோர்னியாவில் சான்டா பார்பராவுக்குக் கிழக்கே, கடலோரமாக, சுமார் 230 ஏக்கரில் கிடக்கும் ஓர் உவர்ச் சதுப்பு. அதன் ஒரு பகுதி மனிதக் கைபட்டுச் சீரழிந்திருந்தது. 1997இல் அதைச் சீரமைத்தார்கள். டாட் ஹஸ்பெனியும் லாஃபர்ட்டியும் செய்தது என்னவென்றால், சீரமைப்புக்கு முன்பே அங்கிருந்த நத்தைகளை எடுத்து உடைத்துப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். அதே சதுப்பில் கெடாமல் இருந்த பகுதிகளிலும் அதையே செய்தார்கள். பிறகு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். இந்த 'முன்பே' என்பதுதான் அந்த ஆய்வின் பலம். பல சீரமைப்பு வேலைகளில், புல்டோசர் வந்து போன பிறகுதான் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள்.

சீரமைப்புக்கு முன், கெட்ட பகுதியின் நத்தைகளில் தொற்றும் குறைவு, புழு இனங்களும் குறைவு. சீரமைப்புக்குப் பின் ஆறு ஆண்டுகளில் அங்கே தொற்று விகிதம் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது, இன எண்ணிக்கை இரட்டித்தது. கெடாத பகுதிகளில் அதே காலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதனால் இது மழையாலோ வெயிலாலோ வந்த பொது ஏற்றம் இல்லை. சீர்செய்த மண்ணைப் பறவைகள் பயன்படுத்தத் தொடங்கியதுதான் காரணம் என்று 2004இல் வெளியான கட்டுரையில் அவர்கள் முடிவு சொன்னார்கள்.

பறவைதான் காரணம் என்பதற்குத் தனியாகவும் சான்று உண்டு. ரையன் ஹெக்கிங்கரும் லாஃபர்ட்டியும் சேற்றுத் திட்டுகளில் கேமரா வைத்து, சீரான இடைவெளியில் படம்பிடித்துப் பறவைகளை எண்ணினார்கள். அதே திட்டுகளின் நத்தைகளை உடைத்துப் புழுக்களை எண்ணினார்கள். எங்கே பறவை அதிகமோ அங்கே புழு அதிகம். எங்கே பறவை வகைகள் அதிகமோ அங்கே புழு வகைகளும் அதிகம். இது 2005இல் வந்தது. படிக்கும்போது 'இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா' என்று தோன்றும். ஆனால் அதுவரை பெரிய பரப்புகளைச் சராசரி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு சரியாகப் பிடிபடவில்லை. ஒரு சதுப்புக்குள்ளேயே இருபது அடி தள்ளி இருக்கும் இரண்டு திட்டுகள் வேறு வேறு உலகமாக இருக்கலாம். புளோரிடாவின் கண்டல் காடுகளிலும் பறவை வந்து உட்காரும் இடத்தை ஒட்டிய நத்தைகளில்தான் புதுத் தொற்று கூடுதலாக விழுகிறது என்று நான்சி ஸ்மித் காட்டியிருக்கிறார்.

ஆக, 'வாழிடத் தரம்' என்று நாம் சொல்வதில் நத்தையின் பார்வையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு நல்ல சதுப்பு, நத்தைக்குக் கெட்ட காலம். தொற்று ஏறிய நத்தை சாவதில்லை. பல ஆண்டுகள் வாழ்கிறது, ஊர்கிறது, மேய்கிறது. ஆனால் முட்டையிடுவது நின்றுபோகிறது. அந்த உடல் இனி புழுவின் தொழிற்சாலை. தொற்று அதிகமுள்ள இடங்களில் கொம்பு நத்தைகள் சின்ன உருவத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுகின்றன என்று லாஃபர்ட்டி 1993இலேயே காட்டினார். புழு வந்து எல்லாவற்றையும் நிறுத்துவதற்குள் முட்டையிட்டுவிட வேண்டும் என்ற அவசரம்தான், தலைமுறை தலைமுறையாகத் தேர்வாகி வந்திருக்கும். கெட்ட சதுப்பில் பறவை இல்லை, புழு இல்லை, நத்தை நிம்மதியாகப் பெருகுகிறது. எங்கும் நத்தை மயமாக இருப்பதைப் பார்த்து 'உயிர்வளம் கொழிக்கிறது' என்று அறிக்கை எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சரி, விதிவிலக்குகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பறவை இருந்தால் போதும், நல்ல இடம் என்று அர்த்தமில்லை. மீன் வெட்டும் துறைமுகங்களை நினைத்துப் பாருங்கள். குடலும் செதிலும் கொட்டும் இடத்தில் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். வடக்கே பேரன்ட்ஸ் கடலின் தென்கரையில் பூஸ்னெஸ், கலக்தியோனோவ் இருவரும் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் லிட்டோரினா நத்தைகளைப் பார்த்தார்கள். மீன்பிடித் தொழில் நடக்கும் இடங்களை ஒட்டிய நத்தைகளில் கடற்காகப் புழுக்கள் கூடுதலாக இருந்தன. அந்தக் கூட்டத்தை அங்கே இழுத்து வைத்திருப்பது மனிதன் கொட்டிய கழிவு. கடற்கரையின் ஆரோக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதனால்தான் நூற்றுக்கு எத்தனை நத்தையில் புழு என்ற ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. எத்தனை வகைப் புழு, எந்த வகை என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு கடற்காகப் புழு நூற்றில் நாற்பது நத்தையைப் பிடித்திருக்கும் இடமும், பதினைந்து வகைப் புழுக்கள் சேர்ந்து அதே நாற்பதைப் பிடித்திருக்கும் இடமும் ஒன்றில்லை. முதலாவது ஒரு குப்பைமேட்டின் கதையாக இருக்கலாம். இரண்டாவதில் நண்டு தின்னும் பறவை, மீன் தின்னும் பறவை, சிப்பி குத்தும் பறவை எல்லாம் வந்துபோயிருக்கின்றன.

இரண்டாவது, மாசு. இங்கே ஒரே பதில் கிடையாது. சாக்கடையும் உரமும் கலந்து ஊட்டம் ஏறிய நீரில் பாசி பெருகும், பாசி தின்னும் நத்தை பெருகும், தொற்று ஏறலாம். அதற்கு எதிராக உலோகக் கழிவோ நச்சு வேதிப்பொருளோ கலந்தால், தண்ணீரில் வெறும் உடம்போடு நீந்தும் பருவங்கள் முதலில் அடிபடும். முட்டையிலிருந்து வரும் மிராசிடியமும் சரி, நத்தையிலிருந்து வரும் செர்க்கேரியாவும் சரி, எதையும் சாப்பிடாமல் சேமிப்பில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் நீந்துகிற உயிர்கள். அதற்குள் அடுத்த வீட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். நத்தையும் மீனும் தாங்கிக்கொள்ளும் அளவு நச்சே இவற்றுக்கு மரணமாக இருக்கலாம். அப்போது நத்தை பிழைத்திருக்கும், பறவையும் வந்துபோகும், இடையில் கண்ணி அறுந்திருக்கும். ஆகவே 'மாசு வந்தால் ஒட்டுண்ணி கூடும்' என்ற வாக்கியமும் தவறு, 'குறையும்' என்பதும் தவறு. எந்த மாசு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, வெப்பம். சேறு சூடானால் நத்தையிலிருந்து வெளிவரும் செர்க்கேரியாக்களின் எண்ணிக்கை ஏறும். இதன் விளைவை டென்மார்க் பக்கத்து வாடன் கடலில் 1990இல் கண்கூடாகப் பார்த்தார்கள். அங்கே ஹைட்ரோபியா என்னும் அரிசியளவு நத்தையிலிருந்து கிளம்பும் புழு, கொரோஃபியம் என்னும் சின்னஞ்சிறு இறால் போன்ற உயிரைத் தன் இரண்டாவது வீடாக்கிக்கொள்கிறது. வழக்கத்தைவிடச் சூடான வசந்தம் வந்தது. அந்தக் கொரோஃபியம் கூட்டமே ஓரிடத்தில் அழிந்துபோனது. அது சேற்றில் குழாய் குழாயாக வளை தோண்டி மண்ணைக் கட்டிப்பிடித்து வைத்திருந்த உயிர். அது போனதும் சேற்றுத்தரையே அரிக்கத் தொடங்கியது. வாழிடத்தின் தரம் ஒட்டுண்ணியைத் தீர்மானிக்கிறது என்று தொடங்கிய பேச்சு இங்கே தலைகீழாகிறது. ஒட்டுண்ணி வாழிடத்தையே மாற்றிவிட்டது.

நான்காவது கடலோரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியது, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது கட்டாயம் கேட்பார்கள். செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே டியாமா அணை 1986இல் கட்டி முடிந்தது. உப்பு நீர் மேலேறுவது நின்றது. கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்த பெரிய நன்னீர் இறால்களுக்கும் வழி அடைபட்டது. அவை நத்தை தின்பவை. நன்னீர் நத்தை பெருகியது. சில ஆண்டுகளில் ரிச்சர்ட் டோல் ஊரில் நத்தைக்காய்ச்சல் என்று சொல்லப்படும் சிஸ்டோசோமா நோய் பெரிய அளவில் வெடித்தது. இங்கே வாழிடம் கெட்டதும் தொற்று ஏறியது. முரண்பாடு இல்லை. கார்ப்பின்டீரியாவில் புழுவின் கடைசி வீடு பறவை, பறவைக்கு நல்ல இடம் வேண்டும். செனகலில் கடைசி வீடு மனிதன், மனிதன் எந்த இடத்திலும் இருப்பான். எந்த ஒட்டுண்ணிக் கதையிலும் முதலில் கேட்க வேண்டியது கடைசி வீடு யாருடையது என்பதைத்தான். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இயற்கையே வந்து எல்லாவற்றையும் துடைத்துப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. மெக்சிகோவின் யுகடான் கரையில் செலெஸ்டூன் என்றொரு காயல். அங்கே இன்னொரு கொம்பு நத்தை இனத்தை 2001 பிப்ரவரி முதல் மாதாமாதம் எண்ணிவந்தார்கள். 2002 செப்டம்பரில் இசிடோர் சூறாவளி அடித்தது. எண்ணிக்கொண்டிருந்த இடங்களில் ஆறு மாதம் ஒரு நத்தைகூட இல்லை. பிறகு நத்தை திரும்பியது. ஆனால் அதற்குள் புழு இல்லை. சூறாவளிக்குப் பின் 14 மாதம் கழித்துத்தான் முதல் புழு தென்பட்டது. இரண்டும் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2009 டிசம்பர் வரை எண்ணிய அந்தப் பொறுமைக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

கவனியுங்கள், அங்கே நத்தை வந்ததோடு 'மீண்டுவிட்டது' என்று எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும். நத்தைக்குச் சேறும் பாசியும் போதும். புழுவுக்கு மீன், நண்டு, பறவை எல்லாம் தத்தம் இடத்தில் திரும்ப வேண்டும். அதனால் புழு கடைசியில்தான் வரும். சங்கிலியில் கடைசியாக வருபவனை எண்ணினால், முன்னால் வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்களா என்று தனித்தனியாக எண்ண வேண்டியதில்லை.

வேறொரு வகைச் சீரழிவு கண்ணுக்கே தெரியாது. சேறு அப்படியே இருக்கும், ஓதம் வந்துபோகும், பறவை நிற்கும், நத்தை நிறைய இருக்கும். ஆனால் நத்தை வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்ப்பதற்காக ஜப்பானிலிருந்து கொண்டுவந்த சிப்பிக் குஞ்சுகளோடு பாட்டில்லாரியா என்னும் நத்தை அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. வடக்குக் கலிஃபோர்னியாவின் சில கழிமுகங்களில் அது உள்ளூர்க் கொம்பு நத்தையை நெருக்கித் தள்ளியது. உள்ளூர் நத்தையில் பத்து வகைப் புழு கண்ட இடத்தில், வந்தேறி நத்தையில் உருவத்தால் ஒரே வகைதான் இருந்தது, அதுவும் தன் ஊரிலிருந்து கூட்டிவந்தது. உள்ளூர்ப் புழுக்களுக்குப் புது நத்தை ஒத்துவரவில்லை. நத்தை ஒன்று போனால் கூடவே பத்து இனம் அந்த இடத்திலிருந்து போகிறது. யாரும் அதற்காகப் பதாகை பிடிக்கப்போவதில்லை.

'புழு போனால் என்ன, நல்லதுதானே' என்று கேட்பவர்களுக்கு இரண்டு எண். கார்ப்பின்டீரியா உணவு வலையில் ஒட்டுண்ணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மொத்த இணைப்புகளில் 75 சதவீதத்தில் அவை சம்பந்தப்பட்டிருந்தன. 2006இல் வந்த கணக்கு இது. 2008இல் ஆர்மண்ட் கூரிஸும் கூட்டாளிகளும் கார்ப்பின்டீரியாவையும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் இரண்டு கழிமுகங்களையும் எடைபோட்டார்கள். நிஜமாகவே எடை. ஓராண்டில் நத்தைகளிலிருந்து தண்ணீருக்குள் வெளியேறும் நீந்தும் புழுக்குஞ்சுகளின் எடை அங்குள்ள பறவைகளின் மொத்த எடையைவிட அதிகமாக வந்தது. அவற்றில் அடுத்த வீட்டை எட்டுவது கொஞ்சம்தான். மற்றவை யாருக்கோ இரை.

இனி, நீங்களே எண்ணிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். என் மாணவப் பருவத்தில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு திட்டுகளை ஒப்பிட்டேன். ஒன்றில் தொற்று ஏகத்துக்கும் அதிகம். மகிழ்ச்சியாகப் படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். வழிகாட்டி படத்தைப் பார்க்கவே இல்லை, 'நத்தை எத்தனை மில்லிமீட்டர்' என்று மட்டும் கேட்டார். நான் அளக்கவில்லை. ஒரு திட்டில் கிழட்டு நத்தைகளையும் மற்றதில் குஞ்சுகளையும் பொறுக்கியிருந்தேன். வயது ஏற ஏற எச்சத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறும். ஒருமுறை ஏறிய தொற்று சுலபத்தில் இறங்காது. அதனால் பெரிய நத்தையில் புழு அதிகம் என்பது நத்தையின் வயதைத்தான் சொல்கிறது, இடத்தின் தரத்தை அல்ல. ஒரே அளவு நத்தைகளை மட்டும் எடுங்கள். மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போன பிறகு இது நன்றாக மனதில் நிற்கும்.

அப்புறம், தொற்று ஏறிய நத்தை சும்மா இருப்பதில்லை. பாட்டில்லாரியாவில் சில புழுக்கள் நத்தையை ஓதம் தாழும் பகுதிக்கு நகர்த்துகின்றன, வழக்கத்தைவிடப் பெரிதாகவும் வளரவைக்கின்றன. கரையோரம் வசதியாக நின்று பொறுக்கினால் உங்களுக்குத் தொற்றில்லாத நத்தைகளே கிடைக்கும். மேலிருந்து கீழ்வரை எல்லா மட்டத்திலும் எடுக்க வேண்டும்.

நத்தையைக் கொல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு விளக்கொளியில் வைத்துச் செர்க்கேரியா வருகிறதா என்று பார்க்கும் முறை உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குறைத்துக் காட்டும். இளம் தொற்றில் குஞ்சு வெளிவராது, சில நாட்களில் முதிர்ந்த தொற்றும் அடம்பிடிக்கும். சரியான கணக்கு வேண்டுமென்றால் சுத்தியலும் நுண்ணோக்கியும்தான். வகை எண்ணிக்கையிலும் ஒரு குறைவு ஒளிந்திருக்கிறது. ஒரு நத்தைக்குள் இரண்டு இனம் புகுந்தால் பெரும்பாலும் ஒன்று மற்றதைத் தின்று தீர்த்துவிடும். நத்தைக்குள் வளரும்போது ரெடியா என்னும் வாயுள்ள பருவம் கொண்ட இனங்களுக்குத்தான் ஜெயம். சில இனங்களில் இனப்பெருக்கமே செய்யாமல் சண்டைக்கென்றே சின்ன உடலும் பெரிய வாயுமாக ஒரு படை வகுப்பு இருக்கிறது. எறும்புப் புற்றில் சிப்பாய் எறும்பு மாதிரி. ஆக நீங்கள் காண்பது போரில் வென்றவர்களை மட்டும். தோற்றவர்களும் அந்த இடத்துக்கு வந்திருந்தார்கள்.

நம் பக்கம் பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திச் சேறுகளில் இதே கொம்பு நத்தைக் குடும்பத்தின் உறவுக்கார இனங்கள் ஏராளம். அலையாத்திக் கன்று நட்டு மீட்கும் இடங்களில், நட்ட கன்று எத்தனை பிழைத்தது என்று எண்ணுவதோடு, நடுவதற்கு முன்பும் பின்பும் நூறு நூறு நத்தைகளை உடைத்துப் பார்த்தால் செலவு பெரிதாக ஆகாது. முன்பு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னிய எண்களை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஒப்பிட வேண்டியது பக்கத்திலேயே கெடாமல் இருக்கும் இன்னொரு திட்டோடு.

கடைசிக் கேள்வி, காலுக்கு ஏதாவது வருமா. பறவைகளின் இரத்தத்தில் வாழும் சில புழுக்களின் செர்க்கேரியாக்கள் ஆள் தெரியாமல் மனிதத் தோலைத் துளைத்துவிடும். உள்ளே போய்ச் செத்துவிடும். சிவந்த தடிப்பும் சில நாள் அரிப்பும் மிச்சம். பெரும்பாலும் தானாகவே ஆறும். சேற்றிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் அழுத்தித் துடைத்தால் பாதி தவிர்க்கலாம். நத்தையைக் கையால் தொடுவதால் புழு உள்ளே குடியேறாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது வாய் வழி. எகிப்தின் நைல் டெல்டாவில் பைரெனெல்லா என்னும் உவர்நீர் நத்தையிலிருந்து கிளம்பும் ஹெட்டெரோஃபிஸ் புழு மடவை மீனின் சதையில் போய் உட்காரும். மடவையை உப்பிட்டு ஊறவைத்துச் சமைக்காமலே தின்னும் ஃபெசீக் அங்கே பண்டிகைச் சாப்பாடு. உப்பு போதாமலோ நாள் போதாமலோ எடுத்துவிட்டால் புழு உயிரோடு வயிற்றுக்குப் போய்விடும். கொதிக்கவைத்த மடவைக் குழம்பில் அந்தக் கவலை இல்லை.